பைக்ல கேம்பிங் போறீங்களா? டென்ட் வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க!

வார இறுதி வந்தாலே பைக்ல டென்ட்டைக் கட்டிக்கிட்டு கொடைக்கானல், கொல்லிமலை, ஏற்காடு பக்கம் கிளம்புற இளைஞர்கள் கூட்டம் அதிகமாகிவிட்டது. முதல்முறை போகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "என்னென்ன வாங்கணும்?"

ஆனால் மலைப்பாதையில் சிக்கல் வருவது பெரும்பாலும் வாங்காமல் விட்ட பொருளால் இல்லை. அளவுக்கு மீறி ஏற்றிய எடையாலும், அதைக் கட்டிய விதத்தாலும்தான். எதை எடுக்கணும், எதை விடணும், எப்படிக் கட்டணும்? விரிவாகப் பார்ப்போம்.

உங்க பைக் எவ்வளவு தாங்கும்?

ஒவ்வொரு பைக்குக்கும் அதிகபட்ச மொத்த எடை என்று ஓர் அளவு உண்டு. வண்டியோடு வரும் கையேட்டில் அது இருக்கும். அதிலிருந்து பெட்ரோல், ஆயிலோடு சேர்த்த வண்டி எடையைக் கழித்தால் மீதி வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய எடை. ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர், பை, தண்ணீர் எல்லாமே இதற்குள் அடங்க வேண்டும்.

உதாரணத்துக்கு, ஒரு பைக் 150 கிலோ தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் 72 கிலோ. ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ சேர்த்தால் 80 கிலோ. தனியாகப் போனால் 70 கிலோ மிச்சம், கவலையில்லை. பின்னால் ஒருவர் 65 கிலோவில் ஏறினால் மிச்சம் வெறும் 5 கிலோ!

இப்போ கேம்பிங் பொருட்களின் தோராய எடையைப் பாருங்க:

- இரண்டு பேர் படுக்கும் டென்ட்: 3 கிலோ
- ஸ்லீப்பிங் பேக்: 1.5 கிலோ
- தரை மேட்: அரை கிலோ
- அடுப்பு, கேஸ், பாத்திரம்: 1.5 கிலோ
- தண்ணீர் 3 லிட்டர்: 3 கிலோ
- துணி, மழைக்கோட்டு: 4 கிலோ
- டூல்ஸ், பஞ்சர் கிட்: 2.5 கிலோ
- பைகளின் எடை: 3 கிலோ

மொத்தம் 19 கிலோ. இது ஒருவருக்கு மட்டும். அதாவது சின்ன பைக்கில் இரண்டு பேர் உட்கார்ந்து, கேம்பிங் பொருட்களையும் ஏற்றுவது கணக்குப்படியே ஒத்துவராது. இரண்டு பைக்கில் போங்க, இல்லைன்னா டென்ட்டை அங்கேயே வாடகைக்கு எடுங்க.

இன்னொரு விஷயம். பின்பக்க கேரியருக்கு என்று தனி அளவும் உண்டு. சில மாடல்களில் அது 5 கிலோ, 10 கிலோதான். அதற்கு மேல் ஏற்றினால் குண்டும் குழியுமான ரோட்டில் வெல்டிங் விட்டுவிடும்.

எடை எங்கே இருக்கணும்?

கனமான பொருள் கீழேயும் வண்டியின் நடுப்பகுதிக்குப் பக்கத்திலேயும் இருக்க வேண்டும். தண்ணீர், டூல்ஸ், கேஸ் எல்லாம் சீட்டின் இருபக்கமும் தொங்கும் சேடில் பேக்கின் அடியில். ஸ்லீப்பிங் பேக், துணி போன்ற லேசான பொருள் மேலே, பின்னால்.

இதை மாற்றிக் கட்டினால் என்ன ஆகும்? எடை பின் சக்கரத்தையும் தாண்டி பின்னால் போகும்போது முன் சக்கரத்தின் மேல் இருக்கும் அழுத்தம் குறையும். ஹேண்டில் லேசாகி, வளைவில் வண்டி சொன்ன பேச்சு கேட்காது. கொல்லிமலை ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் இதே தொல்லைதான்.

இரண்டு பக்கப் பைகளும் ஏறக்குறைய ஒரே எடையில் இருப்பதும் முக்கியம். கையில் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும்.

கொக்கி வைத்த ரப்பர் கயிறு போதுமா?

போதாது. ரப்பர் இழுபடும் தன்மை கொண்டது. ரோடு குலுங்கும்போது மூட்டை மெல்ல நகரும். கொக்கி தெறித்தால் கண்ணில் அடிபடும் ஆபத்தும் உண்டு. அகலமான நைலான் பட்டையில் பக்கிள் வைத்த ஸ்ட்ராப் இரண்டு வாங்கிக்கொள்வது நல்லது.

கட்டி முடித்ததும் மிச்சம் தொங்கும் நுனியைச் சுருட்டிச் செருகிவிட வேண்டும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். காற்றில் ஆடும் ஸ்ட்ராப் செயினிலோ பின் சக்கரத்திலோ சிக்கினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஓடும் வண்டியில் அது எங்கே போய் முடியும் என்று சொல்லவே வேண்டாம்.

சேடில் பேக் சைலன்சரைத் தொடுகிறதா என்றும் பாருங்க. சூட்டில் பை உருகும், தீயும் பிடிக்கலாம். கிளம்பிய முதல் 20 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி, எல்லா கட்டையும் இழுத்துச் சரிபார்த்துவிட்டுப் போங்க.

டென்ட், ஸ்லீப்பிங் பேக்: எதைப் பார்த்து வாங்கணும்?

டென்ட் வாங்கும்போது விரித்த அளவை மட்டும் பார்க்காமல், மடித்த நீளத்தையும் கேளுங்க. மூட்டை ஹேண்டில்பாரை விட அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், எதிரே வரும் பஸ்ஸில் உரசும். மழைத் தடுப்புக்கு மில்லிமீட்டரில் ஓர் எண் போட்டிருப்பார்கள். மேற்கூரைத் துணிக்கு அது 2,000 அல்லது அதற்கு மேல் இருந்தால் மலை மழையைத் தாங்கும்.

குளிர் விஷயத்தில் பலர் ஏமாறுவது சமவெளி வெயிலைப் பார்த்துத்தான். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். வத்தலக்குண்டில் வியர்த்துக் கொட்டும் அதே மதியம் மேலே 12 டிகிரி வரை குறைவாக இருக்கும். ராத்திரி அதுவும் இறங்கிவிடும்.

ஸ்லீப்பிங் பேக்கில் இரண்டு மூன்று வெப்ப அளவுகள் போட்டிருக்கும். 'கம்ஃபர்ட்' என்ற எண்ணைப் பார்த்து வாங்குங்க. 'எக்ஸ்ட்ரீம்' என்பது உயிர் தப்பும் அளவு, நிம்மதியாகத் தூங்கும் அளவு இல்லை. மேட்டையும் விட்டுவிடாதீங்க. உடம்புச் சூட்டைத் தரை உறிஞ்சும். அடியில் மேட் இல்லாமல் எவ்வளவு நல்ல ஸ்லீப்பிங் பேக் இருந்தாலும் முதுகு விறைக்கும்.

பை 'வாட்டர்ப்ரூஃப்' என்று சொல்லி விற்றாலும், ஸ்லீப்பிங் பேக்கையும் மாற்றுத்துணியையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வைப்பது பாதுகாப்பு. மழைக்கோட்டு மட்டும் எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே.

டென்ட்டுக்குள்ள அடுப்பு, கரி வேண்டவே வேண்டாம்

குளிருக்காகக் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ டென்ட்டுக்குள் வைப்பது உயிரைப் பறிக்கும். மூடிய இடத்தில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வாயு உருவாகும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே மயக்கமாகி, எழுந்திருக்காமலே போகலாம். சமையல் எப்போதும் வெளியில்தான்.

பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் எடுத்துப் போவதும் அதே அளவு ஆபத்து. ஒரு டேங்குக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கணக்குப் போட்டு, மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் நிரப்பிக்கொள்ளுங்க.

உடம்புக்கு என்ன?

பட்ஜெட் குறைவு என்றால் டென்ட்டில் மிச்சம் பிடிங்க, ஹெல்மெட்டில் பிடிக்காதீங்க. ஐ.எஸ்.ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட் தயாரிப்பதும் விற்பதும் 2021 ஜூன் 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. ஜாக்கெட்டில் தோள், முழங்கை, முதுகுப் பகுதியில் பாதுகாப்புப் பட்டைகள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து வாங்குங்க. கணுக்காலை மூடும் ஷூவும் கையுறையும் கட்டாயம்.

டூல்ஸ் என்று கடையையே தூக்கிப் போக வேண்டாம். வண்டியோடு வந்த டூல் கிட், டயருக்கு ஏற்ற பஞ்சர் கிட், சின்ன காற்று பம்ப், ஒரு கிளட்ச் கேபிள், முதலுதவிப் பெட்டி, தலையில் மாட்டும் டார்ச். இவ்வளவு போதும்.

கிளம்புறதுக்கு முன்னாடி

லோடு ஏற்றினால் டயர் காற்றழுத்தம் மாறும். இரண்டு பேர் போகும்போது பின் டயருக்கு வைக்க வேண்டிய அளவு கையேட்டில் இருக்கும், அதை வையுங்க. பின்பக்கம் கனத்தால் ஹெட்லைட் மேலே தூக்கி, எதிரே வருபவர் கண்ணைக் கூசும். அதையும் சரிசெய்யணும்.

மலை இறங்கும்போது லோடு வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். எந்த கியரில் ஏறினீங்களோ ஏறக்குறைய அதே கியரில் இறங்கினால் இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினால், முழு பாரமும் பிரேக் மேல் விழும். சூடேறிய பிரேக் தேவையான நேரத்தில் பிடிக்காது.

எங்கே வேணும்னாலும் டென்ட் அடிக்கலாமா?

கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் நெருப்பு மூட்டுவதும் குற்றம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ம் தேதி மலையேறச் சென்ற குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லில் தீ எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதற்கு அதுவே சாட்சி.

எனவே அனுமதி பெற்ற இடத்தில் மட்டுமே தங்குங்க. இட உரிமையாளரிடம் டென்ட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று முன்பே கேளுங்க. ஊட்டி, கொடைக்கானல் செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறையில் வந்தது. கிளம்பும் முன் அப்போதைய விதியைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்க.

முதல் பயணத்துக்கு முன் ஒரே ஒரு ஒத்திகை போதும். எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு ஊருக்குள்ளேயே 20 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க. அன்று ராத்திரி மொட்டை மாடியில் டென்ட் அடித்துத் தூங்குங்க. காலையில் பையைத் திறந்தால், தொடாத பொருள் எதுவென்று தெரியும். மழைக்கோட்டு, பஞ்சர் கிட், முதலுதவிப் பெட்டி தவிர மற்றதையெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்க!