கல் மிதக்குமா, டீச்சர்? – ஊரிலிருந்து தொடங்கும் நான்கு இயற்பியல் பாடங்கள்

திருவதிகைப் பகுதியில் அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியர் எவரும் ஒரு கேள்வியிலிருந்து தப்ப முடியாது. மிதப்பு விசை என்று கரும்பலகையில் எழுதியதும் யாராவது ஒரு மாணவர் எழுந்து, "அப்பர் சாமியைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்களே, அந்தக் கல் மிதந்ததாமே! கல் மிதக்குமா, டீச்சர்?" என்று கேட்பார்.

கேட்பதில் வியப்பில்லை. கெடிலக் கரையில் நிற்கும் வீரட்டானேசுவரர் கோயிலும் திருநாவுக்கரசர் வரலாறும் இந்தக் குழந்தைகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கேட்டு வளர்பவை. நீற்றறையில் ஏழு நாள் அடைத்தும் அவர் வெந்து போகவில்லை; கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளியும் மூழ்கவில்லை; திருப்பாதிரிப்புலியூர் அருகே கரையேறினார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் ஊரே இருக்கிறது.

இந்தக் கேள்விக்கு நான் தரும் பதில் இதுதான்: "சேக்கிழார் இதை அற்புதமாகவே பாடினார். கல் மூழ்கும், தீ சுடும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது அற்புதம். கல் ஏன் மூழ்குகிறது, தீ ஏன் சுடுகிறது என்பதை நாம் இங்கே படிப்போம்." பக்தியைப் புண்படுத்தாமலும் அறிவியலை வளைக்காமலும் பாடத்துக்குள் நுழைய இது போதும். எட்டாம் வகுப்பின் வெப்பம், மின்னியல், ஒலியியல் பாடங்களுக்கும் ஒன்பதாம் வகுப்பின் பாய்மங்கள் பாடத்துக்கும் நம் ஊரிலேயே வாசல்கள் இருக்கின்றன.

ஒரு நடைமுறையை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். எந்தச் சோதனையைச் செய்தாலும், செய்வதற்கு முன் "என்ன நடக்கும்? ஏன்?" என்று ஒவ்வொரு மாணவரையும் நோட்டில் இரண்டு வரி எழுதச் சொல்வேன். அதற்கு மதிப்பெண் கிடையாது, சிவப்பு மையும் கிடையாது. குழந்தையின் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் கருத்து அப்போதுதான் வெளியே வரும். வெளியே வராத கருத்தை நாம் திருத்த முடியாது. அது வரையறையை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிய பிறகும் உள்ளே அப்படியே இருக்கும்.

வெப்பம்: தீமிதியும் தோசைக்கல்லும்

நீற்றறை என்ற சொல்லே ஒரு பாடம். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் விட்டால் மீண்டும் கொதிக்கும் அளவுக்குச் சூடு கிளம்பும். கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும் என்பதால் இதை வகுப்பில் செய்து காட்ட வேண்டாம், சொன்னால் போதும்.

வெப்பமும் வெப்பநிலையும் ஒன்றல்ல என்பதை விளக்க எங்கள் பகுதியில் தீமிதியை விட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பூக்குழி இறங்குவதைப் பார்க்காத மாணவர் அரிது. கனல் கரியின் வெப்பநிலை 500 டிகிரிக்கும் மேல். ஆனால் கரி வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். ஒரு துண்டுக் கரியில் சேர்ந்திருக்கும் வெப்பமும் குறைவு. அதன் மேல் சாம்பல் வேறு மூடியிருக்கும். பாதம் படும் நேரமோ ஒரு நொடிக்கும் குறைவு. நின்றாலோ விழுந்தாலோ புண்ணாகிவிடும் என்பதும் மாணவர்களுக்குத் தெரியும். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

"வீட்டில் அடுப்பிலிருந்து விழுந்த கனலை அம்மா விரலால் சட்டென்று தள்ளிவிடுவார். அதைவிடச் சூடு குறைந்த தோசைக்கல்லை அப்படித் தொடுவாரா?" என்று கேட்டால் வகுப்பே பதில் சொல்லும். இரும்பு வேகமாகக் கடத்தும், கரி கடத்தாது என்ற முடிவுக்கு அவர்களே வந்துவிடுவார்கள்.

இதற்கான சோதனைக்கு இரண்டு பனிக்கட்டிகள் போதும். ஒன்றை எவர்சில்வர் தட்டிலும் மற்றொன்றை மரப்பலகையிலும் வையுங்கள். முதலில் மாணவர்கள் இரண்டையும் தொட்டுப் பார்க்கட்டும். "தட்டு ஜில்லென்று இருக்கிறது, அதனால் அதில் பனிக்கட்டி மெதுவாக உருகும்" என்றுதான் பெரும்பாலோர் எழுதுவார்கள். நடப்பது நேர்மாறு. தட்டும் பலகையும் அறையின் வெப்பநிலையிலேயே இருக்கின்றன. தட்டு நம் கையிலிருந்து வெப்பத்தை விரைவாக இழுப்பதால் குளிர்ச்சியாகத் தோன்றுகிறது. அதே வேகத்தில் பனிக்கட்டிக்கும் வெப்பத்தைக் கொடுப்பதால் அது சீக்கிரம் உருகுகிறது. தொட்டுப் பார்த்து வெப்பநிலையை அறிய முடியாது என்பது அன்றோடு மனத்தில் தங்கிவிடும்.

ஒலி: மேளம் முந்துமா, நாயனம் முந்துமா?

"பலமான சத்தம் வேகமாகப் போகும்" என்பது அநேகமாக எல்லா வகுப்பிலும் இருக்கும் கருத்து. இதைத் தீர்க்கக் கருவி எதுவும் வேண்டாம். சாமி புறப்பாட்டில் தவிலும் நாயனமும் சேர்ந்து ஒலிக்கின்றன. அரை கிலோமீட்டர் தள்ளி நின்று கேட்டாலும் தாளம் பிசகுவதில்லை. தவில் ஒலி முந்திக்கொண்டு ஓடினால், தூரத்தில் நிற்பவருக்குப் பாட்டும் தாளமும் பிரிந்து கேட்க வேண்டுமே! இந்த ஒரு கேள்வியை வகுப்பில் போட்டுவிட்டுக் காத்திருங்கள். ஒலிச்செறிவு வேறு, வேகம் வேறு என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்.

காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 நொடி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்தி, 3-ஆல் வகுத்தால் தூரம் கிடைக்கும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். வயலிலும் முந்திரித் தோப்பிலும் வேலை செய்யும் பெற்றோருக்கு இந்தக் கணக்கைக் குழந்தைகள் கொண்டு போகட்டும்.

மின்சாரம்: நெய்வேலியிலிருந்து என்ன வருகிறது?

பக்கத்தில் நெய்வேலி இருப்பதால் மின் உற்பத்தி எங்கள் மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1956-இல் நிறுவனம் தொடங்கியது. 1962-இல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. நிலக்கரி எரிந்து, நீர் ஆவியாகி, சுழலி சுற்றி, மின்னியற்றி இயங்கும் வரிசையைப் பலர் தடையின்றிச் சொல்வார்கள். ஆனால் "நெய்வேலியிலிருந்து நம் பல்புக்கு வருவது என்ன?" என்று கேட்டால், "எலக்ட்ரான்கள் ஓடி வந்து பல்பில் தீர்ந்து போகின்றன" என்பதுதான் பதில்.

உண்மையில் கம்பியில் எலக்ட்ரான்கள் எறும்பை விட மெதுவாக நகர்பவை. வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம் என்பதால் அவை நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசைகின்றனவே தவிர, நெய்வேலியிலிருந்து பயணம் செய்து வருவதில்லை. வருவது ஆற்றல். சைக்கிள் சங்கிலியை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். பெடலை மிதித்ததும் பின்சக்கரம் உடனே சுற்றுகிறது. சங்கிலியின் எந்தக் கண்ணியும் தீர்ந்து போவதில்லை. எல்லாம் சேர்ந்தே நகர்கின்றன.

இதைச் சோதிக்க ஒரே வகையான இரண்டு டார்ச் பல்புகளை மின்கலங்களோடு தொடராக இணையுங்கள். "முதல் பல்பு பிரகாசமாக எரியும், மிச்ச மின்சாரம்தான் இரண்டாவதுக்குப் போகும்" என்று நோட்டில் எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒரே அளவில் எரிவதைக் கண்டதும் இணைப்பைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அம்மீட்டர் இருந்தால் பல்புக்கு முன்னும் பின்னும் வைத்து அளக்கட்டும்.

மின்கலத்தைத் தவிர வேறு எதிலும் சோதனை கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரை கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து கம்பிகள் தெருவில் கிடந்ததை இந்த மாவட்டம் மறக்காது. அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஈர மண்ணும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அருகே போவதே ஆபத்து.

மிதப்பு: மனப்பாடம் போதாத பாடம்

இப்போது கல்லுக்கு வருவோம். மற்ற மூன்றையும் விட இதில் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். எங்கள் ஊர் வழியாக ஓடும் இதே கெடிலத்தில், நெல்லிக்குப்பம் அருகே, 2022 ஜூன் 5 அன்று குளிக்கச் சென்ற சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் மூழ்கி இறந்தார்கள். ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை எழுதத் தெரிந்த ஒரு மாணவர், தண்ணீரில் தன் உடலுக்கு என்ன நேரும் என்று தெரியாமல் பள்ளியை விட்டுப் போகக்கூடாது.

முதல் சோதனை கல்லும் சுருள்வில் தராசும். நம் கோயில்களில் உள்ளது போன்ற கருங்கல்லின் அடர்த்தி நீரைப் போல ஏறத்தாழ 2.7 மடங்கு. 270 கிராம் கல்லை நூலில் கட்டித் தொங்கவிட்டு வாளி நீரில் இறக்கினால் தராசு சுமார் 170 கிராம் காட்டும். கல் இடம்பெயர்த்த 100 மில்லிலிட்டர் நீரின் எடை அளவுக்கு நீர் அதை மேல்நோக்கித் தாங்குகிறது. "கல்லையும் தண்ணீர் தூக்குகிறது, ஆனால் தூக்குவது போதவில்லை" என்று ஒரு மாணவி சொன்ன விளக்கத்தைப் பிறகு எல்லா வகுப்பிலும் நான் பயன்படுத்துகிறேன். நீரை விட அடர்த்தி குறைந்த துளை நிறைந்த எரிமலைக்கல் மிதக்கும் என்பதையும் சொல்லலாம். 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்தபோது அத்தகைய கற்கள் இந்தியப் பெருங்கடலில் நெடுந்தூரம் மிதந்து சென்றன.

இரண்டாவது சோதனைதான் முக்கியம். மூடிய பிளாஸ்டிக் டிபன் பாக்ஸுக்குள் அதே கல்லை வைத்து வாளி நீரில் மிதக்கவிட்டு, நீர் மட்டத்தைப் பேனாவால் குறியுங்கள். பிறகு கல்லை வெளியே எடுத்து, பெட்டியை மூடி, அடியில் நூலால் தொங்கும்படி கட்டி மிதக்கவிடுங்கள். கல்லும் பெட்டியும் அவையேதான். ஆனால் இரண்டாவது முறை பெட்டி நீருக்கு மேலே உயர்ந்து நிற்கும். கல் நீருக்குள் இருக்கும்போது அதன் எடையில் ஒரு பகுதியை நீரே தாங்கிக்கொள்கிறது. பெட்டிக்குள் இருக்கும்போது முழு எடையும் பெட்டியின் தலையில்.

"இப்போது பெட்டி உன் தலை, கல் உன் கைகள்" என்று சொல்லுங்கள். நம் உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்திதான். நுரையீரலில் காற்று நிறைந்திருந்தால் சற்றே மிதப்போம், அவ்வளவுதான். ஒரு கையின் நிறை உடல் நிறையில் சுமார் 5 விழுக்காடு. 40 கிலோ எடையுள்ள குழந்தை பயத்தில் இரண்டு கைகளையும் மேலே தூக்கினால், நீர் தாங்கிக்கொண்டிருந்த சுமார் 4 கிலோவை உடல் சுமக்க வேண்டும். தலை உள்ளே போய்விடும். கைகளை நீருக்குள்ளேயே விரித்து, தலையைப் பின்னால் சாய்த்து, நெஞ்சில் காற்றை நிறுத்தினால் முகம் மட்டும் வெளியே நிற்க வாய்ப்புண்டு. கத்தினால் அந்தக் காற்றும் போய்விடும். இது நீச்சலுக்கு மாற்றல்ல. ஆனால் உதவி வரும்வரை ஓரிரு நிமிடம் கிடைக்கலாம்.

மூன்றாவது, மற்றவரைக் காப்பது. இறுக மூடிய 2 லிட்டர் காலி பாட்டில் நீரில் ஏறத்தாழ 2 கிலோவைத் தாங்கும். தலையை நீருக்கு மேலே வைத்திருக்க இரண்டு மூன்று பாட்டில்கள் போதும். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஏறத்தாழ 19 கிலோவைத் தாங்கும். இவற்றை வாளி நீரில் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு பலமாக மேலே தள்ளுகிறது என்று கை உணரட்டும். தோழி மூழ்கினால் பின்னாலேயே குதிக்கக் கூடாது. காலி கேனையோ பாட்டிலையோ எறி, துப்பட்டாவையோ கயிற்றையோ வீசு, பெரியவர்களைக் கூப்பிடு. இந்த மூன்றையும் சோதனையின் முடிவாகவே நோட்டில் எழுத வைக்கிறேன்.

ஆசிரியர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாய்மங்கள் பாடம் எந்த மாதத்தில் முடிந்திருந்தாலும், டிபன் பாக்ஸ் சோதனையையும் கேன் சோதனையையும் ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் ஆறாம் வகுப்பு முதல் எல்லா வகுப்புக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள். ஒரு வாளி நீரும் ஒரு பாடவேளையும் போதும். தேர்வு முடிந்ததும் விடுமுறை தொடங்கும். பிள்ளைகள் ஆற்றுக்கும் ஏரிக்கும் போவார்கள்.