ஒரே கணக்கு, மூன்று இடம்

2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைகளுக்கான ஜிஎஸ்டி மாறியது. அதற்கு முன் 1,000 ரூபாய் வரையிலான உடுப்புக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12. புதிய கணக்கில் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. கேட்பதற்கு இரண்டு எண்களை மாற்றும் வேலைதான். ஆனால் ஒரு துணிக்கடையின் பில் மென்பொருளில் இந்தக் கணக்கு மூன்று இடங்களில் எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். கவுண்டர் பில்லுக்கு ஒன்று, போன் ஆர்டருக்கு ஒன்று, மொத்த வியாபாரத்துக்கு ஒன்று. நிரலர் முதல் இரண்டையும் திருத்திவிடுகிறார். மூன்றாவது, அவர் வேலைக்குச் சேரும் முன்பே யாரோ எழுதி வைத்தது. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

விளைவு? 2,000 ரூபாய் சட்டைக்குக் கவுண்டரில் 100 ரூபாய் வரி. மொத்த வியாபார பில்லில் அதே சட்டைக்கு 240. மென்பொருள் நின்றுபோகவில்லை, எச்சரிக்கவும் இல்லை. தப்பான பில்லை ஒழுங்காக அச்சடித்துக்கொண்டே இருக்கிறது.

இதில் நிரலரைக் குறை சொல்வது எளிது. உண்மையில் அந்த நிரல்தான் அவரிடம் நியாயமில்லாத ஒன்றைக் கேட்கிறது. மூன்று இடத்தையும் நினைவில் வைத்துக்கொள் என்கிறது. எந்த மூன்று என்று மட்டும் சொல்வதில்லை. இந்த ஞாபகச் சுமையை மனிதர் தலையிலிருந்து இறக்கி வைக்கும் கைத்தொழில்தான் ரீஃபாக்டரிங் எனப்படும் நிரல் சீரமைப்பு.

இரண்டு முறை வந்த வரி

கடை பில்லில் நடப்பது உலகின் பெரிய நிறுவனங்களிலும் நடக்கிறது. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கு ஓர் அவசரத் திருத்தம் வெளியிட்டது. நாம் இணைந்திருக்கும் தளம் உண்மையான தளம்தானா என்று சரிபார்க்கும் நிரலில் பிழை. அங்கே வரிசையாகப் பல சோதனைகள். ஒவ்வொன்றின் அடியிலும் 'தவறு இருந்தால் கடைசிக்குத் தாவு' என்ற பொருளில் ஒரு கட்டளை. அதில் ஓரிடத்தில் 'தாவு' என்ற வரி மட்டும் அடுத்தடுத்து இரண்டு முறை வந்துவிட்டது. முதல் வரிக்கு 'தவறு இருந்தால்' என்ற நிபந்தனை உண்டு. இரண்டாவதற்கு அது கிடையாது. அதனால் நிரல் எப்போதும் தாவியது. தளத்தின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் முக்கியமான படி அதற்குக் கீழேதான் இருந்தது. அது ஓடவே இல்லை. தாவிய நேரத்தில் தவறு எதுவும் பதிவாகியிருக்கவில்லை என்பதால், 'எல்லாம் சரி' என்ற பதிலே திரும்பி வந்தது. அதே வலையமைப்பில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் வங்கித் தளம்போல வேடமிட இந்த ஓட்டை போதும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்தச் சோதனைப் படிகள் அதே கோப்பில் வேறு இடத்திலும் திரும்ப எழுதப்பட்டிருந்தன. அங்கே அந்தக் கூடுதல் வரி இல்லை. எல்லாம் ஒரே ஃபங்ஷனாக, அதாவது பெயர் சொல்லி அழைக்கும் ஒரே நிரல் துண்டாக இருந்திருந்தால், சோதிக்க வேண்டிய இடமும் ஒன்றாகவே இருந்திருக்கும்.

பிரதிகளைப் பிடிப்பது எப்படி?

லட்சக்கணக்கான வரிகளுள்ள நிரலில் பிரதிகளைக் கண்ணால் தேடிப் பிடிக்க முடியாது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் பயனில்லை. ஓரிடத்தில் 'விலை' என்றிருக்கும், வேறிடத்தில் 'தொகை' என்றிருக்கும். 1990களில் பெல் ஆய்வகத்தில் பிரெண்டா பேக்கர் எழுதிய 'டப்' போன்ற கருவிகள் இதற்கு ஒரு வழி காட்டின. பெயர்களை ஒதுக்கிவிட்டு அமைப்பை மட்டும் பார்ப்பதே அந்த வழி. 'விலையை 1,000-உடன் ஒப்பிடு' என்பதும் 'தொகையை 1,000-உடன் ஒப்பிடு' என்பதும் கருவியின் பார்வையில் 'ஒரு பெயரை ஓர் எண்ணுடன் ஒப்பிடு' என்று ஆகிவிடும். வேடம் கலைந்தால் இரண்டும் ஒரே முகம். இன்று பிஎம்டி என்ற இலவசத் தொகுப்பிலுள்ள சிபிடி கருவியிடம், எத்தனை சொற்கூறுகள் தொடர்ந்து ஒத்துப்போனால் பிரதி என்று கொள்ளலாம் என்று சொல்லிவிட்டால் போதும், பட்டியல் வந்துவிடும்.

2004-இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிபி-மைனர் என்ற கருவியை லினக்ஸ் நிரலில் ஓட்டினார்கள். 20 நிமிடத்துக்குள் சுமார் 1,90,000 பிரதித் துண்டுகள் அகப்பட்டன. ஒரு பகுதியைப் பிரதி எடுத்து ஒட்டியபின், பெயரைப் பல இடங்களில் மாற்றிவிட்டு ஓரிடத்தில் மட்டும் மறந்திருக்கிறார்களா என்றும் அது பார்த்தது. அந்த வகையில் லினக்ஸில் 28 பிழைகள் வெளிவந்தன. தேர்ந்த நிரலர்களுக்கும் மறதி உண்டு.

நீளமான ஃபங்ஷன் இந்தப் பிரதிச் சிக்கலின் உடன்பிறப்பு. அதற்கு அளவுகோல் வரி எண்ணிக்கை மட்டுமல்ல. 1976-இல் தாமஸ் மெக்கேப், ஒரு நிரல் எத்தனை முறை கிளை பிரிகிறது என்று எண்ணி, அதோடு ஒன்றைக் கூட்டும் அளவை முன்வைத்தார். 10-ஐத் தாண்டினால் பிரிப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்பது அவர் சொன்ன எல்லை. கருவி இல்லாமலும் ஓர் அடையாளம் உண்டு. நீண்ட ஃபங்ஷனுக்குள் 'இங்கே வரி கணக்கிடுகிறோம்', 'இங்கே தள்ளுபடி' என்று குறிப்புகள் இருக்கும். அந்தக் குறிப்பு ஒவ்வொன்றும், பிரிந்து வரக் காத்திருக்கும் ஒரு சிறு ஃபங்ஷனின் பெயர்.

மாற்றாமல் மாற்றுவது

வில்லியம் ஆப்டைக் 1992-இல் ரீஃபாக்டரிங் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். மார்ட்டின் ஃபௌலரின் 1999-ஆம் ஆண்டுப் புத்தகம் இதை ஊரறியச் செய்தது. இதன் அடிப்படை ஒன்றுதான்: நிரல் வெளியே என்ன செய்கிறதோ அது மாறக்கூடாது, உள்ளே இருக்கும் அமைப்பு மட்டும் மாற வேண்டும்.

துணிக்கடைக்கே திரும்புவோம். முதலில் சோதனைகளை எழுத வேண்டும். 900 ரூபாய் சட்டை, சரியாக 2,500 ரூபாய் சட்டை, 2,501 ரூபாய் சட்டை. மூன்று வழிகளிலும் என்ன வரி வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மறந்துபோன மூன்றாவது இடம் இப்போதே வெளிச்சத்துக்கு வந்துவிடும். அதை முதலில் தனியாகத் திருத்த வேண்டும். பிழை திருத்துவதையும் சீரமைப்பதையும் ஒரே மூச்சில் செய்தால், பிறகு எதனால் எது மாறியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்து 'ஆடை வரி' என்று ஒரு ஃபங்ஷன். கவுண்டர் பில்லில் மட்டும் பழைய நிரல் வரிகளை நீக்கி இதை அழைக்க வேண்டும், சோதனைகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் போன் ஆர்டர், அதன்பின் மொத்த வியாபாரம். ஒரு நேரத்தில் ஓர் அடிதான். கால் இடறினால் ஓரடி பின்வாங்கினால் போதும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. அதே கடை, 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் வீட்டுக்கு இலவசமாக அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வரி வரம்பும் 2,500, இதுவும் 2,500. இரண்டையும் ஒன்றாக்கினால், அரசு வரி வரம்பை மாற்றும் நாளில் இலவச டெலிவரியும் சேர்ந்து மாறிவிடும். இரண்டு நிரல் வரிகள் ஒன்றுபோல் இருப்பது மட்டுமே அவற்றை ஒன்றாக்கக் காரணமாகாது. ஒரே காரணத்துக்காகச் சேர்ந்தே மாறுமா என்பதுதான் கேள்வி. அவசரப்பட்டுப் பொதுவாக்கிவிடாமல், மூன்றாவது முறை அதே நிரலை எழுத நேரும்போது சீரமை என்று டான் ராபர்ட்ஸ் சொன்ன விதி இங்கே உதவும்.

வரி விகிதம் இன்னொரு நாள் மாறும். அன்று அந்த நிரலின் முன் உட்காருபவர் வேலைக்குப் புதியவராக இருக்கலாம். பரவாயில்லை. அவர் தேட வேண்டியது ஒரே இடம், அதன் மேல் 'ஆடை வரி' என்று பெயர் எழுதியிருக்கிறது.