போலீஸ் வாகனம்: குறைந்த விலையா, நிறைந்த பயனா?

புதுதில்லி: விதி மீறும் வாகனங்களைச் சாலையில் மடக்கிப் பிடிக்கும் தில்லி போலீஸார், தங்கள் சொந்த வாகனங்களைப் பதிவு செய்துகொள்ள அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றத்தின் படியேறிய விநோதம் 2016-ம் ஆண்டு நிகழ்ந்தது.

தலைநகரின் காற்று மாசு எல்லை மீறிச் சென்றதால், 2,000 சி.சி. மற்றும் அதற்கு மேற்பட்ட திறன் கொண்ட டீசல் கார்களைத் தில்லியிலும் தேசியத் தலைநகர் வட்டாரத்திலும் பதிவு செய்வதற்கு 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. இந்தத் தடையில் போலீஸாரும் சிக்கினர். பெரிய எஞ்சின் கொண்ட 190 டீசல் வாகனங்களைப் பதிவு செய்ய அவர்கள் அனுமதி கோரினர். தலைமை நீதிபதி டி.எஸ். தாக்குர் தலைமையிலான அமர்வு 2016 ஏப்ரலில் அனுமதி அளித்தது. ஆனால், வாகன விலையில் 30 சதவீதத்தைச் சுற்றுச்சூழல் இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. தில்லி போலீஸ் மத்திய உள்துறை அமைச்சகத்தின் கட்டுப்பாட்டில் உள்ள அமைப்பு. எனவே, மத்திய அரசு தான் வாங்கிய வண்டிகளுக்குத் தானே மாசு அபராதம் கட்டியது என்றும் இதைக் கூறலாம்.

 அந்த வழக்கு எழுப்பிய கேள்வி சாலையில் நிற்கும் ஒவ்வொரு போலீஸ் வண்டிக்கும் பொருந்தும். இந்த வண்டிதான் வேண்டும் என்று முடிவு செய்தது யார்? எதைக் கொண்டு முடிவு செய்தனர்?

கேள்வி சிறியதல்ல. 2022-ல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 71 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் மரணத்துக்கு அதிவேகமே காரணம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. அந்த வேகத்தைக் கண்காணிக்கவும், அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிச் செல்லவும் பெரும்பாலும் இந்த வண்டிகளையே நம்ப வேண்டியுள்ளது.

ஜிப்ஸியின் காலம்

தில்லிவாசிகளுக்கு நெடுங்காலம் போலீஸ் வண்டி என்றால் மாருதி ஜிப்ஸிதான். சுசுகி நிறுவனத்தின் ஜிம்னியை அடிப்படையாகக் கொண்டு 1985-ல் அறிமுகமான இந்த வண்டி, முதலில் 970 சி.சி. பெட்ரோல் எஞ்சினுடனும், 1990-களின் பிற்பகுதியிலிருந்து 1,300 சி.சி. எஞ்சினுடனும் ஓடியது. எடை குறைவு. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும். குறுகிய சந்தில் திரும்பும். பழுது பார்ப்பதும் எளிது. ராணுவம், போலீஸ், வனத்துறை என்று அரசுத் துறைகள் இதை விரும்பி வாங்கியதற்கு இவையே காரணங்கள்.

ஆனால், தில்லிக் கட்டுப்பாட்டு அறையின் ரோந்து வண்டிகளுக்கு இன்னொரு பணியும் உண்டு. விபத்தில் காயமடைந்தவர்களை ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வது அது. ஜிப்ஸியின் பின்புறத்தில் எதிரெதிராக இரண்டு சிறிய பலகை இருக்கைகள் மட்டுமே உண்டு. எலும்பு முறிந்த ஒருவரை அதில் படுக்க வைப்பது இயலாத காரியம். மடக்கி உட்கார வைத்தால் முதுகெலும்புக் காயம் மோசமாகும். மலைப் பாதைக்குப் பொருத்தமான வண்டி, சமதளமான தில்லியில் ஆம்புலன்ஸ் வேலையும் பார்த்தது. 2000-ம் ஆண்டு டொயோட்டா குவாலிஸும், 2005-ல் அதற்குப் பதிலாக இன்னோவாவும் சந்தைக்கு வந்தன. பின்புற இடவசதி கொண்ட இத்தகைய வண்டிகள் ரோந்துப் பணிக்கு வந்த பிறகே இந்த இடர்ப்பாடு ஓரளவு குறைந்தது.

ஏ.பி.எஸ். பிரேக்கும், மோதல் சோதனையும் 2019-ல் கட்டாயமாக்கப்பட்டபோது ஜிப்ஸியால் அவற்றுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. பொதுச் சந்தைக்கான அதன் விற்பனை முடிவுக்கு வந்தது. ராணுவத்துக்கு மட்டும் விதிவிலக்கு அளிக்கப்பட்டது. ஊராரின் ஹெல்மெட்டையும் சீட் பெல்ட்டையும் சோதித்த போலீஸார், புதிய பாதுகாப்பு விதிகளில் தேற முடியாத வண்டியில்தான் பல ஆண்டுகள் பயணம் செய்தனர்.

விலை ஒப்பந்தமும் மின் சந்தையும்

போலீஸ் வண்டிகளின் தேர்வில், 2017 வரை பெரும் பங்கு வகித்தது வழங்கல் மற்றும் அகற்றல் தலைமை இயக்ககம் என்ற மத்திய அரசு அமைப்பு. கார் நிறுவனங்களுடன் பேசி ஒவ்வொரு ரகத்துக்கும் இந்த இயக்ககம் ஒரு விலையை நிர்ணயிக்கும். அந்தப் பட்டியலில் உள்ள வண்டியை வாங்கினால் தனியாக ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியதில்லை. அந்த விலைக்குக் குறைவாக வேறு எவருக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் நிறுவனத்துக்கு உண்டு. ஏற்பாடு எளிமையானது; தணிக்கைக்கும் பதில் சொல்லிவிடலாம். ஆகவே, எந்தச் சாலைக்கு எந்த வண்டி என்ற ஆய்வைவிட, பட்டியலில் எந்த வண்டி இருக்கிறது என்பதே பல நேரங்களில் முடிவைத் தீர்மானித்தது.

அந்த இயக்ககம் 2017 அக்டோபருடன் மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் தொடங்கப்பட்ட ஜெம் எனப்படும் அரசு மின் சந்தை அந்த இடத்துக்கு வந்தது. இப்போது இருக்கை எண்ணிக்கை, எரிபொருள், எஞ்சின் திறன் ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் தேடினால் பொருத்தமான வண்டிகள் திரையில் வரும். நிபந்தனைகளை நிறைவு செய்பவற்றில் குறைந்த விலை கேட்பவருக்கே ஆணை. குறிப்பிட்ட ரகம்தான் வேண்டுமென்றால் அதற்கான காரணத்தை எழுதிச் சான்றளிக்க வேண்டும். காரணம் எழுதிக் கையெழுத்திட்டால் பின்னாளில் தணிக்கைக் குறிப்பு வரும் என்ற அச்சம் எந்தத் துறைக்கும் இயல்பு. போலீஸ் துறை அதற்கு விலக்காக இருக்க வாய்ப்பில்லை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வாங்கப்படுவது வெறும் வண்டி. சுழல் விளக்கு, சைரன், ஒயர்லெஸ் கருவி, தடுப்புகளை வைக்கும் இடம் ஆகியவை பெரும்பாலும் தனி ஒப்பந்தத்தில் பொருத்தப்படுபவை. குடும்பப் பயணத்துக்காக வடிவமைக்கப்பட்ட காரில், இரவு முழுவதும் எஞ்சின் அணைந்த நிலையில் விளக்கும் கருவிகளும் இயங்கினால் பேட்டரி தாங்குமா என்பதை வண்டியை விற்றவரும் பார்ப்பதில்லை. விளக்கைப் பொருத்தியவரும் பார்ப்பதில்லை. காலையில் வண்டியைத் தள்ளித் தொடங்குவது காவலரின் பாடு.

மாநில போலீஸ் படைகளை நவீனப்படுத்தும் மத்திய திட்டம் 1969-70 முதல் நடைமுறையில் உள்ளது. பொது மாநிலங்களுக்கு 60:40, வடகிழக்கு மற்றும் இமயமலை மாநிலங்களுக்கு 90:10 என்ற விகிதத்தில் மத்திய, மாநில அரசுகள் செலவைப் பகிர்கின்றன. மாநிலம் தயாரிக்கும் ஆண்டுத் திட்டம் தலைமைச் செயலர் தலைமையிலான குழுவைக் கடந்து தில்லிக்கு வந்து, உள்துறை அமைச்சகக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். இத்தனைக்குப் பிறகும் பற்றாக்குறை தீரவில்லை. 2015 ஜனவரி நிலவரப்படி மாநில போலீஸாருக்குத் தேவைப்பட்டவை 2,35,339 வாகனங்கள். இருந்தவை 1,63,946 மட்டுமே. 2020 ஜனவரி 1-ம் தேதி நிலவரப்படி நாட்டின் 16,833 காவல் நிலையங்களில் 257 நிலையங்களுக்கு ஒரு வாகனம்கூட இல்லை என்பதை உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தனது அறிக்கையில் சுட்டிக்காட்டியது.

இல்லாத இடத்தில் வண்டி இல்லை. இருக்கும் இடத்தில் யாருக்குப் போகிறது என்பது மற்றொரு கதை. கேரள போலீஸ் நவீனப்படுத்தல் குறித்து 2020 பிப்ரவரியில் அம்மாநிலச் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை பெரும் அரசியல் புயலைக் கிளப்பியது. வாங்கப்பட்ட இலகு ரக வாகனங்களில் 15 சதவீதம் சொகுசுக் கார்கள், குண்டு துளைக்காத இரு கார்கள் திறந்த ஒப்பந்தப்புள்ளி இன்றி வாங்கப்பட்டன என்பன அதில் இடம்பெற்ற குறைபாடுகள். காவல் நிலையங்களின் தேவை காத்திருக்க, உயர் அதிகாரிகளின் வசதிக்கு முன்னுரிமை தரப்பட்டது என்பதே தணிக்கையின் சாரம். கொள்முதலில் முறைகேடு இல்லை என்று மாநில உள்துறை பின்னர் விளக்கம் அளித்தது. எந்தக் கட்சி ஆண்டாலும், எந்த மாநிலமானாலும், புதிய வண்டி முதலில் பதவியின் உயரத்தைப் பார்த்தே போகும் என்பதில் வியப்பில்லை.

மாநிலத்தில் தயாராகும் வண்டிக்கு அம்மாநில போலீஸில் தனி இடம் கிடைப்பதும் உண்டு. உத்தரபாடா ஆலையில் 2014 வரை தயாரான அம்பாசிடரைக் கொல்கத்தா போலீஸார் நெடுங்காலம் பயன்படுத்தினர். இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் அக்சென்ட் கார்கள் சென்னையில் ரோந்து சென்றன. இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. குற்றம் என்றும் சொல்ல முடியாது. உதிரி பாகம் அருகிலேயே கிடைப்பது நடைமுறையில் பெரிய நன்மை. வாங்கிய பிறகு ரகமே நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்குச் செவ்ரோலே டவேரா சான்று. பல மாநில போலீஸார் ஓட்டிய இந்த வண்டியை, புகை வெளியேற்றச் சோதனையில் நடந்த தில்லுமுல்லு காரணமாக 2013-ல் தயாரிப்பாளரே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் திரும்ப அழைக்க நேர்ந்தது. 2017 இறுதியில் அந்த நிறுவனம் இந்தியாவில் விற்பனையையே நிறுத்திக்கொண்டது.

துரத்தாத வண்டி

போக்குவரத்துப் போலீஸாரின் 'இன்டர்செப்டர்' வாகனத்தின் பெயரைக் கேட்டால் விதி மீறுபவரைப் பாய்ந்து துரத்தும் கார் என்று தோன்றும். உண்மையில் அது துரத்துவதில்லை. சாலையோரம் நின்று, லேசர் வேகமானியால் தொலைவில் வரும் வாகனத்தின் வேகத்தை அளக்கிறது. எண்பலகையைப் படம் பிடிக்கிறது. மது அருந்தியோரைக் கண்டறியும் கருவியும், கண்ணாடியின் கருமையை அளக்கும் கருவியும் அதில் உண்டு. அதாவது, இது சக்கரம் பொருத்திய ஓர் அலுவலக அறை. அதற்குத் தேவை எஞ்சினின் சீற்றம் அல்ல. தாங்கும் பேட்டரி, கருவிகள் சூடேறாத குளிர்ச்சி, காவலர் நிமிர்ந்து உட்கார இடம். இந்தப் பணிக்குச் சில மாநிலங்கள் மாருதி எர்டிகா போன்ற சாதாரணக் குடும்பக் கார்களைத் தேர்ந்தெடுத்தது கேலிக்கு உள்ளானாலும், பணியின் தன்மையை நோக்கினால் அது தவறான தேர்வு அல்ல.

இதற்கு நேர்மாறான வழியைப் பஞ்சாப் எடுத்தது. 2024 ஜனவரியில் முதல்வர் பகவந்த் மான் தொடங்கிவைத்த 'சடக் சுரக்ஷா' படைக்கு 144 வாகனங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றில் 116 டொயோட்டா ஹைலக்ஸ். 28 மஹிந்திரா ஸ்கார்பியோ. விலை அதிகமுள்ள ஹைலக்ஸ், பின்புறம் திறந்த சுமை மேடை கொண்டது. மீட்புக் கருவிகளை ஏற்றலாம், பழுதான காரை இழுக்கலாம். ஸ்கார்பியோக்களுக்கு வேகக் கண்காணிப்புப் பணி. ரோந்து வண்டிகள் நெடுஞ்சாலையில் 30 கிலோமீட்டருக்கு ஒன்று என நிறுத்தப்பட்டன. முதலில் பணியை வரையறுத்து, பிறகு வண்டியைத் தேடியது இங்கு கவனிக்கத்தக்கது. விபத்து மரணங்கள் பெருமளவு குறைந்துவிட்டதாக மாநில அரசு கூறிவருகிறது. அதற்குக் காரணம் விலையுயர்ந்த வண்டியா, 30 கிலோமீட்டர் நெருக்கமா என்பதைப் பிரித்தறிவது எளிதல்ல. நெருக்கமே காரணமாக இருந்தால், பாதி விலை வண்டிகளை இருமடங்கு வாங்கியிருக்கலாம் என்ற வாதத்துக்கும் இடம் உண்டு.

வண்டியே வேண்டாம், கேமரா போதும் என்ற எண்ணமும் வலுத்து வருகிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் மின்னணுக் கண்காணிப்புக்கு வழி வகுத்தது. கேரளம் 726 கேமராக்களை நிறுவி 2023 ஜூன் முதல் அபராதம் விதிக்கத் தொடங்கியது. அதே திருத்தச் சட்டத்தின் 210-பி பிரிவை அதிகம் பேர் அறிந்திருக்க மாட்டார்கள். சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் பெற்றவரே குற்றம் புரிந்தால் இருமடங்கு அபராதம் என்கிறது அது. காப்பீடு விஷயத்தில் மட்டும் அரசு வாகனங்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு என்பது வேறு விஷயம்.

கேமரா எண்பலகையைப் படிக்கும், காயமடைந்தவரைத் தூக்காது. விபத்தில் சிக்கியவருக்கு 7 நாள்கள் வரை, ரூ.1.5 லட்சம் வரை கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு 2025 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்தச் சலுகையைப் பெறவும் அவர் முதலில் உயிரோடு மருத்துவமனையைச் சென்றடைய வேண்டும்.

இப்போது மாநிலங்களுக்குப் புதிய நெருக்கடி ஒன்று வந்துள்ளது. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. சட்டம்-ஒழுங்கு, உள்நாட்டுப் பாதுகாப்புப் பணிகளில் உள்ள கவச வாகனங்கள் உள்ளிட்ட சிறப்பு வாகனங்களுக்கு மட்டுமே விலக்கு. சாதாரண ரோந்து ஜீப்புகள் பழைய இரும்புக்குப் போயாக வேண்டும். விலக்குப் பட்டியலில் தங்கள் வண்டிகளைச் சேர்த்துவிட வழி உண்டா என்று தேடுவதைவிட, அவற்றுக்குப் பதிலாக வாங்கப்போகும் வண்டியின் விவரக்குறிப்பை எழுதும் மேஜைக்கு, அதை ஓட்டப்போகும் காவலரையும், விபத்துச் சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவரையும் அழைத்து உட்கார வைக்கலாம். பின்கதவு எவ்வளவு அகலம் திறக்க வேண்டும், ஸ்டிரெச்சரை எந்த உயரத்துக்குத் தூக்க முடியும் என்பவை அவர்களுக்குத்தான் தெரியும். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. தில்லியின் ஒப்புதலும் தேவையில்லை.