கையைக் கடிக்காத கொல்கத்தா

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் 1,600 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ஹவுராவில் இறங்குகிறவரை, வாசலிலேயே டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். அவர்களைக் கடந்து நேரே ஹூக்ளி ஆற்றங்கரைக்கு நடந்துவிடுங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே படகுத்துறை இருக்கிறது. பாக்பஜார் போகும் படகு, 1943-ல் திறக்கப்பட்ட ஹவுரா பாலத்துக்கு அடியில் புகுந்து வடக்கே செல்லும். அலுவலகம் போகிறவர்கள், சைக்கிளோடு வருகிறவர்கள், பூக்கூடைக்காரர்கள் என எல்லாரும் ஏறுவார்கள். கட்டணம் சில ரூபாய்தான். ஊரைப் பார்க்க இதைவிட நல்ல முதல் பயணம் எனக்குத் தெரியாது.

கொல்கத்தாவைக் குறைந்த செலவில் சுற்ற முடிவதற்குக் காரணம் தள்ளுபடியோ சலுகையோ அல்ல. குமாஸ்தாக்களுக்கும் மாணவர்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் கட்டுப்படியாகிற போக்குவரத்தும் சாப்பாட்டுக் கடைகளும் இங்கே இன்னும் பிழைத்திருக்கின்றன. அவர்கள் ஏறுவதில் ஏறி, அவர்கள் சாப்பிடும் இடத்தில் சாப்பிட்டால் போதும்.

சாப்பாட்டுக்கு ‘பைஸ் ஹோட்டல்’களைத் தேடிப் போங்கள். ஒரு காலத்தில் பைசாக் கணக்கில் வயிறு நிறைந்த இடங்கள் இவை. நியூ மார்க்கெட் அருகே சித்தேஸ்வரி ஆசிரமம், கல்லூரித் தெருப் பக்கம் ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல் என்று சில இன்னும் நடக்கின்றன. பலகையில் அன்றன்றைய விலை எழுதியிருக்கும். பரிமாறுகிறவர் அன்றைய மீன் வகைகளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். சோறு, பருப்பு, கசகசா அரைத்துவிட்ட உருளைக்கிழங்கு, மீன் குழம்பு என ஒவ்வொன்றுக்கும் தனி விலை. வாழை இலைக்கும் எலுமிச்சைத் துண்டுக்கும்கூடத் தனிக் காசு. முதலில் விநோதமாகத் தோன்றும். யோசித்தால் இது நேர்மையான கணக்கு: தின்றதற்கு மட்டும்தான் பணம். பருப்பும் சோறும் மட்டும் கேட்பவரையும் யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை.

படகு இறக்கிவிடும் பாக்பஜாரிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் குமார்துலி. துர்க்கை சிலை செய்யும் குயவர்களின் குறுகிய சந்துகள். மூங்கில் சட்டத்தில் வைக்கோலைக் கட்டி உருவம் கொடுத்து, அதன்மேல் உமி கலந்த களிமண்ணை அப்புகிறார்கள். காய்ந்து வெடித்த இடங்களில் களிமண்ணில் தோய்த்த துணியை ஒட்டுகிறார்கள். தெய்வத்தின் விரல்களைத் தனியே பிடித்து, பலகையில் வரிசையாகக் காயவைத்திருப்பார்கள். துர்கா பூஜைக்கு இரண்டு மாதம் முன்பு போனால் இதெல்லாம் கண்முன் நடக்கும். அது அவர்களுடைய பிழைப்பு. கேட்டுவிட்டுப் படமெடுங்கள், சந்துகளை மறித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

கல்லூரித் தெருவில் பழைய புத்தகக் கடைகளை மேய்ந்துவிட்டு இந்தியன் காபி ஹவுஸ் மாடியேறுங்கள். தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்துவது. ஒரு காபிக்கு மணிக்கணக்கில் உட்காரலாம், எழுப்ப மாட்டார்கள். விக்டோரியா நினைவகம் கம்பீரமான கட்டடம்தான், ஆனால் அரை நாளை அங்கே கரைக்க மாட்டேன். அதன் அருங்காட்சியகமும் இந்திய அருங்காட்சியகமும் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

தங்குவதற்கு மலிவான அறைகள் சடர் தெருவில் உண்டு. முதலில் அறையைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். துர்கா பூஜை வாரத்தில் வாடகை எகிறிவிடும். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் பக்கம் இட்லியும் காபிப்பொடியும் கிடைக்கும். ஒரு வேளைக்குப் போய்வாருங்கள், மூன்று வேளையும் வேண்டாம். மெட்ரோவில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். 2024 முதல் அது ஹூக்ளிக்கு அடியிலும் ஓடுகிறது; ஆற்றை முக்கால் நிமிடத்தில் கடந்துவிடும்.

டிராமைக் கடைசியில் சொல்கிறேன், ஆனால் அதில்தான் முதலில் ஏற வேண்டும். 1873-ல் குதிரைகள் இழுக்கத் தொடங்கியது, 1902-ல் மின்சாரத்துக்கு மாறியது. சென்னை தன் டிராமை 1953-ல் இழந்தது. இன்று இந்தியாவில் டிராம் ஓடும் ஒரே நகரம் கொல்கத்தா. இங்கும் மைதான் என்ற பெருவெளியை ஒட்டிய ஒரு பாரம்பரியத் தடத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024-ல் மாநில அரசு அறிவித்துவிட்டது. போக நினைப்பவர்கள் தள்ளிப்போடாமல் போய்வாருங்கள்.