தொப்பி போட்ட மனிதரின் நகரம்

கோபுரத்துக்குப் பின்னால் கோபுரம். மண்டபத்தின் மேல் இன்னொரு மண்டபம். படிகளெங்கும் சுருண்டு கிடக்கும் நாகங்கள், வானத்தில் இறக்கை முளைத்த விலங்குகள். தாளில் விரலளவு இடமும் காலியாக இல்லை. அத்தனையும் பேனா மையால் இழைத்த பொடிக் கோடுகள். இந்த நெரிசலுக்கு நடுவே தொப்பி போட்ட ஒருவர் உலவுகிறார். படத்தை வரைந்த கே. ராமானுஜம்தான் அவர்.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழைய சீவரத்திலிருந்து பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு எழுந்தருளுவதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நகரம் அயலாகத் தோன்றாது. யாளியும் நாகமும் வாகனங்களும் நமக்குப் பழகியவை. ஆனால் இங்கே ஸ்தபதியின் அளவுக் கணக்கு இல்லை, ஆகமம் இல்லை. ஒரு தனி மனிதரின் கனவு மட்டும்தான்.

ராமானுஜத்துக்குப் பேச்சு சரியாக வராது. மனச்சிதைவு நோயும் அவரை வாட்டியது. சென்னை ஓவியக் கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் கே. சி. எஸ். பணிக்கர். மற்றவர்கள் குறையாகப் பார்த்ததைத் தாண்டி, அந்தக் கையில் இருந்ததைப் பணிக்கர் பார்த்தார். 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் ஓவியர்களும் சிற்பிகளும் சொந்தக் காசைப் போட்டு, பத்திக் துணி விற்ற வருமானத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியபோது, ராமானுஜத்துக்கும் அங்கே இடம் கிடைத்தது. அவருடைய நகரம் அங்கே வளர்ந்தது. ஆனால் தனிமை அவரை விடவில்லை. 1973இல், முப்பது வயதைக் கொஞ்சமே தாண்டிய நிலையில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

கல்லூரிக்கும் கண்காட்சிக் கூடத்துக்கும் வெளியே, தன் உள்ளுந்துதலால் மட்டும் பிறக்கும் கலைக்கு 1945இல் ஒரு பெயர் வைத்தார் பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே: ஆர் ப்ரூ, அதாவது பட்டை தீட்டாத கலை. மனநல விடுதிகளில் இருந்தவர்களின் ஓவியங்களை அவர் தேடித் தேடிச் சேர்த்தார். 1972இல் ரோஜர் கார்டினல் எழுதிய நூலுக்குப் பிறகு 'அவுட்சைடர் ஆர்ட்' என்ற பெயர் ஆங்கிலத்தில் நிலைத்தது.

அந்தப் பெயருக்கு இந்தியாவில் முழுதாகப் பொருந்துபவர் நேக் சந்த். பிரிவினையில் ஊரை இழந்து வந்து, சண்டிகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவர். 1950களின் இறுதியில் தொடங்கி, வேலை முடிந்த நேரங்களில், அரசு காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் பதித்து மனிதர்களையும் விலங்குகளையும் எழுப்பினார். 1970களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். சட்டப்படி இடித்திருக்கலாம். அதற்குப் பதிலாக அவருக்குச் சம்பளமும் ஆட்களும் கொடுத்து, 1976இல் அதைப் பாறைத் தோட்டமாகத் திறந்துவிட்டார்கள். பின்னாளில் புல்டோசர்கள் வந்தபோது ஊர் மக்களே குறுக்கே நின்று காப்பாற்றினார்கள். 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ராமானுஜம் கல்லூரியில் பயின்றவர், ஓவியர்கள் நடுவில் வாழ்ந்தவர். கறாராகப் பார்த்தால் துபுஃபேயின் வரையறைக்குள் அவர் வரமாட்டார். அதனால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது; வரையறைதான் இடுக்கமாகத் தெரிகிறது. பயிற்சி பெற்ற பிறகும் யாருடைய பாணிக்குள்ளும் அடங்காமல், தான் கண்டதை மட்டும் வரைந்தவர் அவர். நேக் சந்துக்கு ஒரு நகரமே காவல் நின்றது. ராமானுஜத்துக்கு ஓர் ஆசிரியரும் கடலோரத்தில் ஒரு கூரையும் கிடைத்தன. அந்த அளவுகூட வாய்க்காமல், பழைய நோட்டுகளோடு எடைக்குப் போன நகரங்கள் எத்தனை இருக்கும்?

சோழமண்டலம் இன்றும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. மெட்ராஸ் ஓவிய இயக்கத்துக்கென்று 2009இல் அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். ராமானுஜத்தின் படம் ஒன்று கண்ணில் பட்டால், கிட்டே போய் நின்று முதலில் அந்தத் தொப்பியைத் தேடுங்கள். அது கிடைத்துவிட்டால், எந்த வாசல் வழியாக உள்ளே போவது என்பதை அவரே காட்டுவார்.