மனநலத் துறைக்கு நம் பிள்ளைகள் வரவேண்டும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவரும் நாள்களில் நம் இல்லங்களில் நடைபெறும் ஆலோசனைகளை நீங்கள் அறிவீர்கள். மதிப்பெண் மிகுந்தால் மருத்துவம், இல்லையேல் பொறியியல், அதுவும் இல்லையேல் வணிகவியல். காஞ்சிபுரத்தில் மத்ரஸா ஆசிரியனாகிய என்னிடமும் பெற்றோர் யோசனை கேட்டு வருவதுண்டு. "உளவியல் படிக்க வைக்கலாமே" என்றால், "பைத்தியக்கார ஆஸ்பத்திரி வேலையா ஹஸ்ரத்?" என்று முகம் சுளிக்கின்றனர். அந்த முகச்சுளிப்பைப் பற்றியே உங்களுடன் பேச விரும்புகிறேன்.

ஏர்வாடியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலை, அங்கே தர்காவுக்கு அருகில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் எழுந்து ஓட இயலவில்லை. 28 உயிர்கள் கருகின. உச்சநீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னர் வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அறவே தடை செய்தது. சங்கிலி விலக்கப்பட்டது சரி. அவிழ்த்துவிடப்பட்ட அந்த மனிதனின் அருகில் அமர்ந்து அவன் பேச்சைக் கேட்கும் ஆள் எங்கே?

அதே ஏர்வாடியில் பிற்பாடு 'தவா–துஆ' என்னும் ஏற்பாடு வந்தது. துஆவை நாடி வருவோருக்கு அவ்விடத்திலேயே அரசு மனநல மருத்துவரின் சிகிச்சையும் கிடைக்க வழி செய்யப்பட்டது. எவருடைய நம்பிக்கையையும் இகழாமல் நோயைக் கவனிக்கும் வழி இது. மருந்து செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதைச் சர்க்கரை நோய்க்கு நினைவுகூரும் நாம், மனநோய் என்றதும் மறந்துவிடுகிறோமே!

இங்கே ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஒரு பெண்பிள்ளை ஒளூச் செய்யக் குழாயடிக்குச் செல்கிறாள். ஒருமுறை கழுவிய கையை இருபதுமுறை கழுவுகிறாள். தக்பீர் கட்டியபின் ஐயம் வந்து மீண்டும் குழாயடிக்கே போகிறாள். தொழுகை நேரமே கடந்துவிடுகிறது. வீட்டிலுள்ள பெரியவர்கள், "என்ன பேணுதல்!" என்று மெச்சுகின்றனர். அவளோ உள்ளுக்குள் கண்ணீர் வடிக்கிறாள். 'வஸ்வாஸ்' என்று நாம் சொல்லும் இந்நிலை, மருத்துவம் உள்ள நோயாகவும் இருக்கலாம். பத்தாம் நூற்றாண்டிலேயே அபூ ஸைத் அல்பல்கி என்னும் முஸ்லிம் அறிஞர், உடல்நலத்தையும் உளநலத்தையும் இணைத்து எழுதிய நூலில் இதனை நோயாகவே விவரித்தார். இந்தப் பிள்ளை வெளியார் ஒருவரிடம் போனால், தொழுகையே நோய்க்குக் காரணம் என்று அவர் எண்ணிவிடக்கூடும். நம்மவரிடம் மட்டும் போனால், நோயையே பக்தி என்பர். எது இபாதத், எது பிணி என்று பிரித்தறியத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் நம் மொழியும் வாழ்வும் அறிந்தவராகவும், முறையாகக் கற்றவராகவும் இருக்க வேண்டும். ஆண் மருத்துவர் முன் வாய் திறக்கவே கூசும் நம் பெண்மணிகளுக்கோ பெண் ஆலோசகர்களே வேண்டும்.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களும் இதையே உணர்ந்தனர். அவ்வினத்தைச் சேர்ந்த கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்னும் உளவியல் தம்பதியர், வெள்ளைப் பொம்மையையும் கறுப்புப் பொம்மையையும் காட்டி, எது நல்ல பொம்மை என்று கறுப்பினக் குழந்தைகளிடம் கேட்டனர். பலர் வெள்ளையையே காட்டினர். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1954இல் அளித்த தீர்ப்பில் கென்னத் கிளார்க்கின் ஆய்வும் குறிப்பிடப்பட்டது. இத்தம்பதியர் 1946இலேயே நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் குழந்தைகளுக்கான உளநல நிலையமும் தொடங்கியிருந்தனர். அந்தக் கேள்வியைக் கேட்க, அந்த வலியை அறிந்த ஒருவர் அத்துறைக்குள் இருக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டின் நிலையோ கவலைக்குரியது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோவொரு மனநலக் குறையுடன் வாழ்கின்றனர். நோய்க்கு ஏற்ப, அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை சிகிச்சையே பெறுவதில்லை. தறிக்குழியில் நாள் முழுதும் அமர்ந்து, வாங்கிய கடனை எண்ணி இரவெல்லாம் விழித்திருக்கும் நம் ஊர் நெசவாளியும் இக்கணக்கில் இருக்கக்கூடும்.

இத்துறைக்கு எம்.பி.பி.எஸ். ஒன்றே வாசல் என்று எண்ண வேண்டாம். மருத்துவம் முடித்தோர் மனநல மருத்துவத்தில் எம்.டி. படிக்கலாம். கலைப்பிரிவு மாணவர் உளவியலில் பட்டம் பெற்று மருத்துவ உளவியலுக்குச் செல்லலாம். சமூகப்பணி முதுகலையில் மனநலப் பிரிவை எடுக்கலாம். (கலைப்பட்டதாரி என்பதால் இவ்வழியில் எனக்குச் சற்றுக் கூடுதல் பிரியம், பொறுத்தருள்க.) செவிலியர் படிப்பிலும் மனநலச் சிறப்புப் பிரிவு உண்டு. நம்மில் பலர் அறியாத செய்தி ஒன்று: மேற்சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டம், யூனானி மருத்துவத்தில் உளநோய்ப் பிரிவில் முதுகலை பெற்றவரையும் மனநல வல்லுநராக ஏற்கிறது. யூனானி இளநிலைப் படிப்புக்குச் சென்னை அரும்பாக்கத்திலேயே அரசுக் கல்லூரி இருக்கிறது. எப்படிப்பில் சேர்த்தாலும், அதற்குரிய குழுமத்தின் அங்கீகாரம் கல்லூரிக்கு உள்ளதா என்று முதலில் விசாரியுங்கள். பெயர்ப்பலகையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு இருப்பதையும் மனத்திற்கொள்ளுங்கள்.

பெண்ணை அனுப்பத் தயங்குவோர் டாக்டர் சாரதா மேனன் அவர்களை எண்ணிப் பாருங்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் அவர், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை பணியாற்றினார். 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கினார். 2021இல் மறையும் வரை அவர் பெற்ற மரியாதைக்கு எக்குறையும் வந்ததில்லை.

நம் ஜமாஅத்துகள் ஆண்டுதோறும் கல்வி உதவி வழங்குகின்றன. பெரும்பாலும் பொறியியலுக்கே அது போய்ச் சேருகிறது. மஹல்லாவுக்கு ஒரே ஒரு மாணவியை உளவியலுக்கோ மனநலச் செவிலியத்துக்கோ படிக்கவைக்க இவ்வாண்டே நிர்வாகிகளிடம் கேளுங்கள்.

அவள் படித்து வரும்வரை காத்திருக்க இயலாத துயரம் உங்கள் இல்லத்தில் இருப்பின், 14416 என்னும் அரசின் 'டெலி மானஸ்' எண்ணை இப்போதே அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.