முகத்துவாரத்துக்கு வராத மணல்

கடற்கரையிற் கிடக்கும் மணல் கடலின் சொத்து என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது மலையின் சொத்து. ஆறு கடலுக்குக் கொண்டுவந்து கொடுத்த சீதனம். இதனை மாணவர்க்கு விளக்க வேண்டின், நான் பாடநூலை மூடிவிட்டு, கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்துக்கு அவர்களை அழைத்துச் செல்வது வழக்கம். ஊரின் பெயரே பாடத்தின் முதல் வரி. சிவனொளிபாதமலைச் சாரலிற் பிறந்து, 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை கடலோடு கலக்கும் வாய் அதுதான்.

கற்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம், உயிர்க்கோளம் என்று பூமியை நான்காகப் பிரித்துப் படிக்கிறோம். படிப்பதற்கு அப்பிரிவு வசதியானதுதான். ஆனால் ஒரு பிடி மணலை எடுத்தால் நான்கும் அதிலே உரிமை கேட்கும். தென்மேற் பருவக்காற்று கடலில் முகந்த ஈரத்தை மலைநாட்டிலே பொழிகிறது. மழைநீரும் மரவேர்களும் மண்ணில் ஊறும் அமிலமும் சேர்ந்து பழம்பாறையை அரிக்கின்றன. மெலிந்த கனிமங்கள் களியாகிப் போக, வலிய படிகக்கல் மணலாய் எஞ்சுகிறது. வெள்ளம் அதை உருட்டிவந்து முகத்துவாரத்திற் சேர்க்கும். கடலோட்டம் அங்கிருந்து வடக்கே எடுத்துச் சென்று, நீர்கொழும்பை நோக்கிய கரைக்கு அதனை ஊட்டும். அலை தின்றதை ஆறு ஈடுசெய்தது. நெடுங்காலம் இந்தக் கணக்கு ஒத்தே வந்தது.

கணக்கில் முதலிற் கைவைத்தவர்கள் தோட்டத் துரைமார். கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் வெட்டப்பட்டன. வெட்டிய கைகள் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவருடையவை, இலாபம் அவர்களுடையதன்று. போர்வை இழந்த சரிவுகளின் மேல்மண் மழைதோறும் ஆற்றில் இறங்கியது. அடுத்த நூற்றாண்டில் இதற்கு எதிர்மாறானது நிகழ்ந்தது. 1960களில் காசல்றீ, மவுசாக்கலை அணைகள் களனியின் மேற்கிளைகளை மறித்தன. மலை அனுப்பிய மணலில் ஒரு பகுதி நீர்த்தேக்கங்களின் அடியிலேயே தங்கிவிட்டது. அணைகளைக் குறைசொல்ல நான் வரவில்லை. இவ்வரிகளை எழுதுவதும் அவை தந்த மின்னொளியிலேதான்.

எல்லாவற்றையும் விஞ்சியது மணல் அகழ்வு. கொழும்பு உயர உயர ஆறு தாழ்ந்தது. நான் வாழும் வெள்ளவத்தையில், ஒரு வீடும் ஒரு மாமரமும் நின்ற வளவுகளிலெல்லாம் இன்று தொடர்மாடிகள் நிற்கின்றன. போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலுமிருந்து ஒதுங்க வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அவையே புகலிடம். அவற்றின் தூண்களிலே ஆற்று மணல் இருக்கிறது.

அதன் பயனாய்க் களனியின் கீழ்ப்பகுதிப் படுகை கடல்மட்டத்துக்கும் கீழே போயிற்று. கடல்நீர் நன்னீரிலும் பாரமானது. வறட்சியில் ஆற்றின் ஓட்டம் தளர்ந்ததும், அது ஆப்புப்போல் அடிவழியே உள்ளே நுழைகிறது. முகத்துவாரத்திலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீற்றர் மேலே, அம்பத்தலையில், தலைநகரின் குடிநீருக்கு நீரெடுக்கும் நிலையம் இருக்கிறது. உப்பு அங்கே எட்டாதிருக்க, வறட்சிக் காலங்களில் ஆற்றின் குறுக்கே அடுக்கப்பட்டவை எவை தெரியுமா? மணல் மூட்டைகள்! ஆற்றை அகழ்ந்த ஊர், ஆற்றைக் காக்க மணலையே தேடிப் போயிற்று.

ஆற்றின் கதை இவ்வாறிருக்க, கரையின் கதையும் அதனோடு ஒட்டியதே. 1877இல் புகையிரதப் பாதை வெள்ளவத்தைக் கடலோரமாய்ப் பாணந்துறையை எட்டியது. கடற்கரை பருவத்துக்குப் பருவம் அகன்றும் குறுகியும் மூச்சுவிடும் பொருள். தண்டவாளமோ இம்மியும் நகராது. தண்டவாளத்தைக் காக்கக் கருங்கற்களைக் குவித்தார்கள். கல்லில் மோதித் திரும்பும் அலை அடிமணலையும் இழுத்துச் செல்கிறது. 2020இல் கல்கிசையில் கடலடி மணலை இறைத்துக் கொட்டிக் கரை அகலமாக்கப்பட்டது. பருவக்காற்று எழுந்ததும் அதிற் பெரும்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டது. மணல் இவ்வாறு பரவும் என்பது எதிர்பார்த்ததே என்றனர் அதிகாரிகள். காலிமுகத்திடலின் அருகே துறைமுக நகரத்துக்காக 2014 முதல் 2019 வரை கடலடி மணலால் நிரப்பிய நிலம் 269 ஹெக்டேயர்.

இனி வானத்தின் பங்கு. சீமெந்து செய்யச் சுண்ணக்கல்லைச் சுடும்போது, அதனுள் அடைபட்டுக் கிடந்த கரியமிலவாயு வெளியேறுகிறது. சூளையை எரிக்கும் நிலக்கரி வேறு அதைக் கூட்டுகிறது. அவ்வாயு தடுத்து வைக்கும் வெப்பத்தாற் கடல்நீர் விரிகிறது, பனிப்பாளங்கள் உருகுகின்றன. 1900 முதல் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் அளவில் உயர்ந்துள்ளது. ஒரு கொங்கிறீற்றுத் தூணை எண்ணிப் பாருங்கள்: அதன் மணல் ஆற்றைத் தாழ்த்திற்று, அதன் சீமெந்து கடலை உயர்த்துகிறது. அம்பத்தலைக்கு உப்பு ஏறிவர இரு பக்கமும் வழி திறந்தாயிற்று. இந்த இரட்டைக் கணக்கைப் பரீட்சைத் தாள்கள் ஏனோ கேட்பதில்லை.

ஆற்று மணலுக்கு மாற்று இல்லாமலில்லை. பாறையை உடைத்துச் செய்த மணல் கிடைக்கிறது. கடலடி மணலை முத்துராஜவெலயிற் குவித்து, உப்பு நீக்கி விற்கிறார்கள். முன்னதற்கு ஒரு குன்று வேண்டும். பின்னதும் கடலிலிருந்து எடுப்பதே. வீடு கட்ட எண்ணும் அன்பர்கள் விலை பேசும்போது, மணல் எங்கே அள்ளியது, புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். அப்பத்திரமின்றி மணலை அள்ளுவதும் ஏற்றிச் செல்வதும் இந்நாட்டிற் குற்றம்.